சுவரைத் தட்டிப் பார்க்காமல் பெட்டி வாங்காதே: சின்ன காஞ்சிபுரத்து ஜவுளிக்கடைச் சுவர்கள் பற்றி ஒரு விமர்சனம்

போன வருஷம் ஆடிக்கு முன்னாடி சித்தப்பா போன் பண்ணினார். "கல்லா பக்கம் ஏதோ கருகுற வாடை வருதுடா. நீ இன்ஜினியர்தானே, வந்து பாரு." நான் எழுதுவது மென்பொருள். என் பி.இ. பட்டத்துக்கும் கருகும் வாடைக்கும் சம்பந்தம் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. போனேன்.

கடை, சின்ன காஞ்சிபுரத்தில் பழைய வீடு ஒன்றின் முன்கட்டு. தாத்தா காலத்தில் அங்கே தறி ஓடியது. இப்போது கண்ணாடிக் கதவு, ஏ.சி., பிளைவுட் பலகை அடித்து லேமினேட் ஒட்டிய சுவர். பட்டு கருகினால் முடி கருகும் வாடை வரும், அது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். இது அந்த வாடை இல்லை. மரம் கருகும் வாடை.

மெயினை அணைத்துவிட்டு, இஸ்திரிப்பெட்டி சொருகும் 16 ஆம்பியர் பிளக் பாயிண்டின் பிளேட்டைக் கழற்றினோம். பிளேட்டுக்குப் பின்னால் பெட்டியே இல்லை! இருந்தது, ஆனால் உள்ளே, பழைய செங்கல் சுவரில். அதன் மேல் 25 மி.மீ. சட்டம், அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட். ஆக, பெட்டியின் வாய்க்கும் பிளேட்டுக்கும் நடுவே 37 மி.மீ. வெற்றிடம். நீளமான ஸ்க்ரூ போட்டு பிளேட்டை இழுத்துப் பிடித்திருந்தார்கள். வயர் எட்டாததால் முறுக்கி ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருந்தார்கள். அந்த ஒட்டு, மரத்தூள் படிந்த சந்துக்குள், பிளைவுட்டின் அறுத்த விளிம்பைத் தொட்டபடி இருந்தது. விளிம்பு காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 1500 வாட் இஸ்திரிப்பெட்டி 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். ஒட்டு தளர்ந்து அங்கே அரை ஓம் தடை உண்டானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6.5-ஐ 6.5-ஆல் பெருக்கி அதில் பாதி: ஏறக்குறைய 21 வாட். பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதாவது பலகைக்குப் பின்னால் ஒரு சால்டரிங் அயர்னை ஆன் செய்து வைத்து மறந்துவிட்ட மாதிரி. எம்.சி.பி. விழாது, ஏனென்றால் மின்னோட்டம் வழக்கமான அளவுதான். ஆர்.சி.சி.பி.யும் விழாது, ஏனென்றால் எர்த்துக்கு ஒன்றும் கசியவில்லை. பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் சரியாக வேலை செய்துகொண்டிருக்க, சுவர் மெல்ல வெந்துகொண்டிருக்கும். இந்த இடத்தில் கடைக்கு மிச்சமிருக்கும் ஒரே காவல், ஒட்டைச் சுற்றி மூடியிருக்க வேண்டிய பெட்டிதான். அதுதான் 37 மி.மீ. பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது.

மதிப்பீட்டுத் தாளை வாசித்தல்

வீட்டுக்கு வந்து, அந்தக் கடைக்குப் போட்ட மதிப்பீட்டுத் தாளை வாங்கிப் படித்தேன். பழைய ஆவணம் கிடைத்தால் படிக்காமல் விடமுடியாத வியாதி எனக்கு. "பாயிண்ட் வயரிங், கன்சீல்டு பெட்டி, பிளேட், கூலி உட்பட, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு." அவ்வளவுதான். மொத்தம் 22 பாயிண்ட். எந்தப் பாயிண்ட் செங்கலில், எது பலகையில், எது ஜிப்சம் தடுப்பில் வருகிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. அதன் பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கிப் பார்த்த வேறு சில தாள்களிலும் இதே வாக்கியம்தான், கூலித் தொகை மட்டும் மாறும்.

என் தொழிலில் இதை டிஃபால்ட் மதிப்பு என்போம். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எது எடுத்துக்கொள்ளப்படுமோ அது. நம் ஊர் வயரிங்கின் டிஃபால்ட் சுவர் செங்கல். பெட்டியும், பெட்டி பதிக்கும் பழக்கமும், கூலிக் கணக்கும் செங்கலை மனதில் வைத்து உருவானவை. செங்கல் சுவரில் அது நன்றாகவே வேலை செய்யும்: காடி வெட்டி, பெட்டியை வைத்து, சிமென்ட் கலவையில் பதித்து, பூச்சு முடிந்ததும் பிளேட் மாட்டினால் பல வருஷம் அசையாது. பிரச்சினை, சுவர் மாறிவிட்டது, டிஃபால்ட் மாறவில்லை.

ஒரு கட்டத்தில் எழுதியவர்கள் கவனமாகத்தான் எழுதினார்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் மின்வேலைப் பொது விவரக்குறிப்பு, பற்றவைத்த எஃகுத் தகட்டுப் பெட்டி என்றால் தகடு 1.2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, உள்ளே தெளிவான ஆழம் 60 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று அளவு சொல்லியது. இன்று கடையில் கேட்டால் கிடைக்கும் மாடுலர் பெட்டி சுமார் 50 மி.மீ. ஆழம். அதற்கும் குறைவானவை தாராளமாகக் கிடைக்கின்றன. "ஒல்லியா இருக்கு, காடி அதிகம் வெட்ட வேணாம்" என்பதே அவற்றின் விற்பனை வாசகம்.

எங்கள் தெருவில் எத்தனை சுவர்

பெருமாள் கோயில் மதிலில் தொடங்கி சன்னிதித் தெரு, டி.கே. நம்பி தெரு வழியாக ஒரு நாள் சாயங்காலம் சும்மா சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கூட எங்கள் குடும்பத்துக்குப் பல வருஷமாக வயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் முறை எளிது. விரல் மடக்கிச் சுவரைத் தட்டுவார். "கேளு தம்பி, சுவரே சொல்லும்" என்பார்.

முதலில் கருங்கல். கோயிலைச் சேர்ந்த மண்டபமோ, கல் தூண் வைத்த பழைய கட்டடமோ, அங்கே பெட்டி உள்ளே போகக் கூடாது. வெட்டிய கல் மறுபடி வளராது. மேல்பதிப்புப் பெட்டி, வெளியே ஓடும் குழாய், அதையும் கல்லில் துளை போடாமல் இணைப்புக் கலவையில் பிடித்து வைப்பது: இதுதான் மரியாதை. அழகாக இல்லை என்று குழாயை மறைக்கக் கல்லில் காடி எடுப்பவர், அறுநூறு எழுநூறு வருஷத்துக் கல்லை நாற்பது வருஷத்து வயருக்குப் பலி கொடுக்கிறார்.

இரண்டாவது, சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய செங்கல். தடிமனாக இருக்கும், ஆனால் கலவை மெத்து. உளியை ஓங்கி அடித்தால் பெட்டி அளவுக்குப் பதில் பானை அளவுக்குப் பெயர்ந்து வரும். தரையிலிருந்து மூன்றடி வரை ஓதம் ஏறி உப்பு பூத்திருக்கும். அங்கே தகரப் பெட்டி வைத்தால் முதலில் போவது ஸ்க்ரூ பிடிக்கும் காது. காது துருப்பிடித்து உடைந்ததும் சாக்கெட் ஆடும், பிளக்கைப் பிடுங்கும்போது கூடவே வரும். தறிக்கூடத்தில் இது இன்னும் மோசம். பட்டுப் பாவு அறுந்துபோகாமல் இருக்க ஈரப்பதம் வேண்டும் என்பதால்தான் குழித்தறி. அந்த ஈரம் பாவுக்கு நல்லது, இரும்புக்கு எமன். கம்ப்யூட்டர் ஜக்கார்டு மாட்டும் கூடங்களில் இன்றைக்கு பிளக் பாயிண்ட் அந்தச் சுவரில்தான் வருகிறது. இங்கே நல்ல பிளாஸ்டிக் பெட்டி, ஓதம் ஏறும் மட்டத்துக்கு மேலே.

மூன்றாவது, நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். செங்கல் 115 மி.மீ., இருபுறமும் பூச்சு சேர்த்து 140-க்குள். இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக 50 மி.மீ. பெட்டி வைத்தால் நடுவில் மிஞ்சுவது 40 மி.மீ. உளி அடித்த பிறகு அதுவும் மிஞ்சாது. ஒரு பக்கத்துப் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை, பென்சில் கோடு மட்டும்தான்.

நான்காவது, ஏ.ஏ.சி. எனப்படும் லேசுக் கல். காங்கிரீட்டில் காற்றுக் குமிழி. தட்டினால் மந்தமான சத்தம். வெட்டுவது கேக் வெட்டுகிற மாதிரி, அதனால்தான் ஆபத்து: சாதாரண பிளக் ஆணி அதில் நிற்காது. வட்டக் கத்தியில் அளவாக வெட்டி, தூசியை ஊதி, நனைத்து, கலவையில் பெட்டியின் நாலு பக்கமும் கவ்வ வைக்க வேண்டும்.

ஐந்தாவது, காங்கிரீட் தூண். நடுக்கடையில் நிற்கும் தூணில் பிளக் கேட்காத முதலாளி இல்லை. முன்பே திட்டமிட்டிருந்தால் கம்பியோடு பெட்டியைக் கட்டி, உள்ளே தெர்மகோல் அடைத்து, வாயை டேப் ஒட்டி, காங்கிரீட் போட்டிருக்கலாம். கட்டி முடித்த தூணில் பெட்டிக்காகக் குழி வெட்டுவது கம்பியைக் காக்கும் மூடுகாங்கிரீட்டைப் பெயர்ப்பது. கட்டடத்தைத் தாங்குவதை ஒரு சார்ஜருக்காக வெட்டாதீர்கள். மேல்பதிப்புப் பெட்டி போதும்.

ஆறாவது, ஜிப்சம் தடுப்பு. இங்கேதான் செங்கல் டிஃபால்ட் முழுவதும் உடைகிறது. 50 மி.மீ. தகடுச் சட்டம், இரு பக்கமும் 12.5 மி.மீ. பலகை, மொத்தம் 75. முதுகோடு முதுகாக இரண்டு 50 மி.மீ. பெட்டிகள் இதில் நுழையவே நுழையாது, ஆனாலும் வரைபடத்தில் வரைகிறார்கள். கலவை கிடையாது என்பதால் செங்கல் பெட்டியைக் கவ்வ எதுவும் இல்லை. அதனால் பெட்டியை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போட்டு ஒட்டுகிறார்கள், அல்லது பெட்டியை விட்டுவிட்டுப் பிளேட்டை நேரே பலகையில் ஸ்க்ரூ அடிக்கிறார்கள். நூறு தடவை பிளக் சொருகிப் பிடுங்கினால் ஜிப்சம் மாவாகிவிடும். இந்தச் சுவருக்கென்றே பெட்டி இருக்கிறது: பக்கவாட்டில் இறக்கை, ஸ்க்ரூவை முறுக்க முறுக்க இறக்கை விரிந்து பலகையைப் பின்னாலிருந்து கவ்வும். இல்லாவிட்டால் தகடுச் சட்டத்தோடேயே பெட்டியைப் பிடித்துவிடலாம். தகரப் பெட்டி என்றால் இன்னொன்று: வயர் நுழையும் துளையில் புஷ் இல்லாமல் விட்டால், தகட்டின் விளிம்பு வயரை அறுத்து, பெட்டி தொட்டிருக்கும் சட்டம் பூராவும் கரண்ட் ஏறும். பெரும்பாலும் எர்த் வயர் சாக்கெட்டின் எர்த் முனையோடு நின்றுவிடுகிறது, பெட்டிக்குப் போவதில்லை. பெட்டிக்கும் ஒரு துண்டு எர்த் வயர் கட்டுங்கள்.

ஏழாவது, சித்தப்பா கடைச் சுவர்: பிளைவுட், எம்.டி.எஃப். பலகை. எரியும் சுவர். இதற்கு விதி ஒன்றே: பெட்டியின் வாய் பலகையின் முகத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

வெளிநாட்டு விதியை எவ்வளவு நம்பலாம்

இதையெல்லாம் அமெரிக்க மின் விதித்தொகுப்பு எழுத்தில் வைத்திருக்கிறது. எரியாத சுவர் என்றால் பெட்டி 6 மி.மீ. வரை உள்ளே இருக்கலாம். எரியும் சுவர் என்றால் சமமாக இருக்க வேண்டும், அல்லது வெளியே நீட்டியிருக்க வேண்டும். பிளேட்டுக்கு அடியில் ஜிப்சம் பெயர்ந்து சந்து விழுந்தால் 3 மி.மீ.க்கு மேல் விடக் கூடாது. தீத்தடுப்புச் சுவரில் எஃகுப் பெட்டி 16 சதுர அங்குலத்துக்குள், எதிரெதிர்ப் பக்கப் பெட்டிகளுக்கு நடுவே 24 அங்குல இடைவெளி என்பது அவர்களின் கட்டட விதி. நம் எட்டுக்கு மூணு பெட்டி ஒன்றே 24 சதுர அங்குலம்!

பெட்டிக்குள் எத்தனை வயர் அடைக்கலாம் என்பதற்கும் அவர்களிடம் கணக்கு உண்டு. நம் 2.5 சதுர மி.மீ. வயருக்குச் சற்றுப் பெரிதான அவர்களின் 12-ஆம் நம்பர் வயர் ஒன்றுக்கு 2.25 கன அங்குலம், அதாவது சுமார் 37 கன செ.மீ. நம் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு வந்து போகும் ஃபேஸ், நியூட்ரல் நாலு, எர்த்துக்கு ஒன்று, சாக்கெட்டுக்கு இரண்டு: மொத்தம் ஏழு, 259 கன செ.மீ. நம் மூணுக்கு மூணு பெட்டி 75 x 75 x 50 என்றால் 281. மயிரிழையில் பாஸ். அதே பெட்டியின் 40 மி.மீ. ஒல்லி வடிவம் 225. ஃபெயில். 50 மி.மீ. பெட்டியிலேயே வழிப்போக்கனாக இன்னொரு வயரை நுழைத்தால் 296, அதுவும் ஃபெயில்.

ஆனால் இந்த விதித்தொகுப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து காஞ்சிபுரத்தில் நடுவதை நான் ஏற்கவில்லை. அவர்கள் வீடு மரச்சட்டம், நம் வீடு செங்கல். அவர்களுக்கு 120 வோல்ட், உறை போட்ட கேபிள். நமக்கு 230 வோல்ட், குழாய்க்குள் தனித்தனி வயர். அதே இஸ்திரிப்பெட்டிக்கு அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். ஆகவே அந்தக் கன அங்குலங்களை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், சட்டமாக வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் கேள்வியை: இந்தச் சுவர் எரியுமா, இந்தச் சுவர் பெட்டியைக் கவ்வுமா?

நமக்கு இன்னும் நெருக்கமானது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60670-ஆம் தரம். நம் ஐ.எஸ். 14772 அந்தக் குடும்பம்தான். அந்த சர்வதேசத் தரம் பெட்டிகளைச் சுவரைக் கொண்டு வகை பிரிக்கிறது: கெட்டிச் சுவர், உள்ளீடற்ற சுவர், எரிவது, எரியாதது என்று. உள்ளீடற்ற சுவருக்கான பிளாஸ்டிக் பெட்டி 850 டிகிரிக்குச் சுட்ட கம்பியைத் தாங்க வேண்டும். கெட்டிச் சுவருக்குள் புதைப்பதற்கு 650 போதும். புதைந்திருந்தால் காற்றில்லை, உள்ளே வெற்றிடம் என்றால் தீக்குப் புகைபோக்கி கிடைத்த மாதிரி. தரத்தில் இருக்கும் இந்த ஒரு பிரிவு மதிப்பீட்டுத் தாளில் ஒரு கட்டமாக வந்திருந்தால், சித்தப்பா கடை வெந்திருக்காது.

பட்டை எரிக்கிறோம், பெட்டியை?

எங்கள் ஊரில் பட்டு அசலா என்று சந்தேகம் வந்தால் ஓர நூலை உருவி நெருப்பில் காட்டுவோம். அசல் பட்டு தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை எடுத்தால் அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். செயற்கை நூல் உருகி உருண்டை கட்டும். இதே சோதனையை மொட்டை மாடியில், காற்றுக்கு முதுகு காட்டி, நாலு கடையில் வாங்கிய நாலு பெட்டிகளின் ஓரத்துண்டுகளில் செய்தேன். மூன்று துண்டு, லைட்டரை எடுத்ததும் அணைந்தன. பி.வி.சி.யில் இருக்கும் குளோரின் அதற்குக் காரணம். நாலாவது, கறுப்பு நிற, மலிவுப் பெட்டி. லைட்டரை எடுத்த பிறகும் எரிந்தது, எரிந்துகொண்டே சொட்டியது. பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, "இது பாலியஸ்டர்டா" என்றார். அதைவிட நல்ல விமர்சனம் என்னால் எழுத முடியாது. (பி.வி.சி. புகை நெஞ்சுக்குக் கெடுதல். வீட்டுக்குள் இதைச் செய்யாதீர்கள்.)

பட்டாவது தயங்கி எரியும். கடையில் இருப்பது பட்டு மட்டுமா? பிளாஸ்டிக் கவர், அட்டைப்பெட்டி, பலகை, லேமினேட். 2017 மே 31 அன்று தி.நகரில் ஒரு ஜவுளிக் கட்டடம் தீப்பிடித்து, இடிந்து, கடைசியில் இடித்தே தள்ளப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்க்காத ஜவுளிக்காரர் தமிழ்நாட்டில் கிடையாது. பார்த்த பிறகும் தீயணைப்பான் வாங்கி மாட்டினோமே தவிர, பிளேட்டைக் கழற்றிப் பார்க்கவில்லை.

பெரியவரின் எதிர்வாதம்

இதையெல்லாம் சொன்னபோது பெரியவர் அமைதியாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, எல்லாம் சரி. நான் பெட்டி வைக்கும்போது அது செங்கல் சுவர். நான் போன பிறகு கார்பென்டர் வந்து பலகை அடிச்சான். பலகைக்கு மேலே பிளேட்டை எடுத்து மாட்டினவன் வேற. இதுல எவனைத் திட்டுவ?"

நியாயம். பெட்டி வைப்பவர் பாயிண்ட் கணக்கில் கூலி வாங்குகிறார், தச்சர் சதுர அடிக் கணக்கில். இருவருக்கும் நடுவில் இருக்கும் 37 மி.மீ. யார் கணக்கிலும் இல்லை. மென்பொருளிலும் பெரும்பாலான பிழைகள் இரண்டு பேர் எழுதிய நிரல்கள் சந்திக்கும் இடத்தில்தான் கிடக்கும். ஆகவே என் விமர்சனம் எலக்ட்ரீசியன் மீதல்ல, அந்த ஒருவரித் தாள் மீது. தாளில் சேர்க்கச் சொல்வது மூன்றே கட்டம்: பாயிண்ட் எந்தச் சுவரில், அந்தச் சுவரின் கடைசி முகம் எங்கே வரும், பெட்டியை எது பிடிக்கும். மூன்றாவதற்குப் பதில் "பிளேட் ஸ்க்ரூ" என்று வந்தால் வேலையை நிறுத்திவிடலாம்.

சித்தப்பா கடையில் 22 பாயிண்டையும் கழற்றினோம். ஒன்பது பலகையில் இருந்தன, ஒன்பதிலும் பெட்டி பின்னால். குழாயைப் பலகை வரை நீட்டி, பலகையிலேயே புதுப் பெட்டி பொருத்தி, ஒட்டில்லாத புது வயர் இழுக்க நாலு நாள் ஆனது. ஆடி வியாபாரத்தில் நாலு நாள் கடை சாத்தியதற்குச் சித்தப்பா இன்னும் என்னைச் சும்மா விடவில்லை. முதலிலேயே சரியான பெட்டி வாங்கியிருந்தால் பெட்டிக்குச் சில பத்து ரூபாய்தான் கூடியிருக்கும்.

வைகாசி கருட சேவைக்குத் தெரு முழுக்கச் சீரியல் விளக்கு கட்டுவார்கள். அதற்குக் கரண்ட் கடைகளின் முன் சாக்கெட்டிலிருந்துதான் போகும். இந்த வருஷம் பெருமாள் எங்கள் கடையைத் தாண்டியபோது எல்லாரும் கருடனைப் பார்த்தார்கள். சித்தப்பா ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டே மறுகையைப் பிளேட் மேல் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.